மாப்பிள்ளையின் மாத்திரை

கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது ஜெயலெட்சுமி அதைக் கண்டாள். பாண் ரொட்டி சுற்றி வந்த காகிதத்தில் ஒரு பொட்டலம். பிரித்தாள். சின்ன வெள்ளை மாத்திரைகள். சில முழுசாக இருந்தன. சில எச்சில் பட்டுக் கரைந்து, பிறகு காய்ந்து, ஓரம் தேய்ந்திருந்தன. மொத்தம் இருபத்து மூன்று.

அவை அவளுடைய மருமகன் நிமலனுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் கொடுத்தவை. மனசுக்கான மாத்திரைகள். தினமும் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்துவிட்டு அவள் வெளியே போய்விடுவாள். திரும்பி வரும்போது தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். மாத்திரை இருக்காது. விழுங்கிவிட்டான் என்று நினைத்திருந்தாள்.

மாமியார் மருமகனுக்கு முன்னால் உட்காருவதில்லை. அவன் சாப்பிடுவதைப் பார்ப்பதில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் அவனும் அதே வீட்டில், தோட்டத்து லயத்து வரிசையில்தான் இருந்தான். அவள் ஒரு தடவைகூட அவனிடம் நேராகப் பேசியதில்லை. எல்லாம் மகள் நிரஞ்சலா வழியாகப் போகும், வரும். நிரஞ்சலா போன பிறகு ஜெயலெட்சுமி சுவரிடம் பேசினாள். "சோறு ஆறுது" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். "சரி மாமி" என்று அவனும் சுவருக்கே பதில் சொல்வான்.

நிரஞ்சலா போனது இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை. தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது குளவி கலைந்து கொட்டியது. மற்ற பெண்கள் ஓடினார்கள். அவளுக்கு அன்று காய்ச்சல். ஓட முடியவில்லை.

நிமலன் பதுளையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை பார்த்தான். முதலில் வேலை முடிந்து வரும்போது குடித்தான். பிறகு காலையிலேயே கசிப்புச் சாராயம். பிறகு கடையில் வர வேண்டாம் என்றார்கள். குடிக்காத நாட்களில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பான். கூப்பிட்டால் எழும்ப மாட்டான். ஒரு தடவை பத்து நாள் வார்டில் வைத்திருந்தார்கள். அங்கிருந்து வந்தவைதான் இந்த மாத்திரைகள்.

பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். அடுத்த கிளினிக் நாளில் நிமலனோடு போனபோது அதை நர்ஸ் நளீராவின் மேசையில் வைத்தாள்.

நளீரா நிமலனைப் பார்த்தாள். "ஏன் சேத்து வச்சீங்க?"

"எறிய மனசு வரல மிஸி. மருந்துதானே."

நளீரா சிரிக்கவில்லை. உள்ளே போய் டொக்டரிடம் சிங்களத்தில் சொன்னாள். டொக்டர் நிமலனைத் தனியே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நளீரா வெளியே வந்து ஜெயலெட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எறியாம வச்சதில்ல அம்மா இது. ஒரு நாளைக்கு மொத்தமா முழுங்கத் தேவப்படும்னு வச்சது. வெளங்குதா?"

விளங்கியது.

"வீட்டுல வேற யாரு?"

"நானும் அவருந்தான்."

"நீங்க அம்மாவா?"

"மாமியா."

கொப்பியில் எழுதப் போன பேனா நின்றது. "மனைவி?"

"எம்மகதான். இல்ல."

நளீரா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு எழுதினாள். "அப்ப நீங்கதான் பொறுப்பு. மாத்திரை உங்க கையில இருக்கணும். ஒரு நாளைக்கு ஒன்னு. முன்னுக்கு இருந்து முழுங்குறதப் பாக்கணும். வாயத் தொறந்து காட்டச் சொல்லணும். நாக்குக்கு அடியிலயும் பாருங்க."

"நானா?"

"வேற யாரு?"

"மாமியா அப்படிச் செய்ய ஏலாது மிஸி."

"எங்கட ஆக்களும் அப்படித்தான். எங்க உம்மாக்கு முன்னுக்கு எங்க வீட்டுக்காரர் தும்மக்கூட மாட்டார். ஆனா மருந்து வேற."

அன்று மாலை சோறு போட்டுவிட்டு ஜெயலெட்சுமி வெளியே போகவில்லை. பலகையை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். முந்தானையைத் தோளில் போர்த்திக்கொண்டாள். அவன் சோற்றைப் பிசைந்தான். சாப்பிடவில்லை.

"நீங்க போங்க மாமி. நான் போட்டுக்குறேன்."

"போக மாட்டேன்."

முதல் தடவையாக அவனிடம் நேராகச் சொன்ன வார்த்தை அதுதான். அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு சாப்பிட்டான். அவள் மாத்திரையை அவன் கையில் வைத்தாள். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான்.

"தொறங்க."

"மாமி, வேணாம்."

"மிஸி சொல்லிச்சு. தொறங்க மாப்புள."

திறந்தான். கடைவாய்ப் பல் ஒன்று உடைந்திருந்தது. நாக்கைத் தூக்கச் சொன்னாள். தூக்கினான். அவன் கண்ணை மூடியிருந்தான். இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது. எட்டு வருஷத்தில் அவள் அதைக் கண்டதில்லை.

வெளியே வந்து பீலித் தண்ணீரில் கை கழுவினாள். அவனைத் தொடவில்லை. இருந்தும் கழுவினாள்.

லயத்தில் எதுவும் மறைவாக நடப்பதில்லை. நான்காம் நாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கூடையோடு நிற்கும்போது பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். "மருமகன் வாய்க்குள்ள மாமியாளுக்கு என்னா வேல? பல்லு எண்ணுறாளோ?"

சிரித்தார்கள்.

ஜெயலெட்சுமி திரும்பினாள். "முப்பது இருக்கு. உம்புருசன் வாயில எத்தன இருக்குன்னு நீ போய் எண்ணிட்டு வா. நேத்து ரெண்ட உதுத்துட்டியாமே."

அதற்கும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் காதுபட யாரும் எதுவும் சொல்லவில்லை.

முதல் வாரம் அவன் கை நடுங்கியது. தண்ணீர்க் குவளையை அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் வாரம் ஒரு நாள் குடிக்கத் தவறணைப் பக்கம் போகப் புறப்பட்டான். அவளும் செருப்பைப் போட்டுக்கொண்டாள். அவன் நின்றான்.

"எங்க மாமி வாறீங்க?"

"நீங்க எங்க போறீங்களோ அங்க."

"தவறணைக்கு நீங்க வர முடியாது."

"வாசல்ல நிக்கிறேன்."

அவன் வாசல்படியில் உட்கார்ந்தான். அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். இருட்டும்வரை இருந்தார்கள். பிறகு அவன் எழுந்து உள்ளே போனான்.

குடிக்காத நாட்களை அவன்தான் எண்ணினான். "இன்னைக்கு இருவது" என்பான். "இன்னைக்கு நாப்பது." அவள் "ம்" என்பாள். நாற்பதுக்குப் பிறகு விறகு பிளந்தான். கோழிக்கூட்டுக்குத் தகரம் அடித்தான். வியாழக்கிழமைகளில் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. அடுப்பங்கரையில் எதையாவது உருட்டிக்கொண்டிருந்தாள். ஆள் இருக்கிறது என்று அவனுக்குக் கேட்க வேண்டும்.

ஒரு நாள் மாத்திரையை விழுங்கி வாயைக் காட்டிய பிறகு அவன் எழும்பவில்லை.

"அன்னைக்கு அவ போகலன்னுதான் சொன்னா. காய்ச்சல்னு. நாந்தான் போகச் சொன்னேன். மாசக் கடைசி, ஒரு பேர் கொறஞ்சிரும்னு."

தோட்டத்தில் ஒரு நாள் வேலை ஒரு பேர்.

"தெரியும்" என்றாள்.

அவன் பார்த்தான்.

"லயத்துச் சொவரு கூர வரைக்குமா இருக்கு? கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன். நானும் எந்திரிச்சு வந்து போகாதடின்னு சொல்லல."

அவன் கேட்டான். "அப்ப ஏன் எனக்குச் சோறு போடுறீங்க?"

"பசிக்கும்ல."

அறுபத்தைந்தாம் நாளை ஒட்டி அவனுடைய அண்ணன் விஜேந்திரன் வந்தான். பெரகல சந்தியில் மரக்கறிக் கடை வைத்திருந்தான். கறிமிளகாயும் லீக்ஸும் ஒரு பை நிறையக் கொண்டுவந்தான். இரண்டு வருஷத்தில் இது மூன்றாவது தடவை.

பெண் பார்த்திருப்பதாகச் சொன்னான். பெரகலயில்தான், கட்டினால் நிமலன் அங்கேயே வந்து இருக்கலாம் என்றான். முப்பத்து நாலு வயது. கட்டினவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். பிள்ளை இல்லை.

"ஒரு கால்கட்டுப் போட்டா எல்லாம் சரியாயிரும்" என்றான்.

"மாத்தர குடுக்கணுமே" என்றாள் ஜெயலெட்சுமி.

"பொண்டாட்டி வந்தா மாத்தர எதுக்கு? ஞாயித்துக்கெழம பொண்ணோட அம்மாவக் கூட்டிட்டு வாறேன். ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு சொல்லுது. நல்லதா நாலு வார்த்த சொல்லுங்க."

இரண்டாந்தாரமாகக் கொடுப்பவர்கள் மூத்தவளின் தாயிடம் வந்து கேட்பது வழக்கம். செத்தவளின் மனசு கோணக் கூடாது என்பார்கள். ஜெயலெட்சுமி வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் பொறாமை என்பார்கள்.

அவன் போன பிறகு நிமலனிடம் கேட்டாள். இப்போது சுவரிடம் கேட்கவில்லை.

"ஒங்களுக்குப் பிரியமா மாப்புள?"

"தெரியல மாமி. எத்தன நாளைக்கு ஒங்களுக்குப் பாரம்?"

"பாரம்னு நான் சொன்னேனா?"

"சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் முகம் மழித்தான். பக்கத்து வீட்டில் ஸ்திரிப்பெட்டி வாங்கி வந்து சட்டையைத் தேய்த்தான். காலரைத் திருப்பி இன்னொரு தடவை தேய்த்தான். ஜெயலெட்சுமி அதை அடுப்பங்கரையிலிருந்து பார்த்தாள். போக விரும்புகிறான் என்று தெரிந்தது. மகளின் படத்துக்கு விளக்கு ஏற்றினாள். பிறகு தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க அவள் யோசித்தது ஒன்றுதான். பெரகலயில் அவனை யார் பார்ப்பார்கள்? அண்ணன் பார்க்க மாட்டான். வரப்போகிறவள் பார்க்க வேண்டும். அவளுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்? நிரஞ்சலாவைக் கட்டிக் கொடுத்தபோது நிமலனின் தாயிடம் அவள் எல்லாம் சொல்லியிருந்தாள். பனிக்காலத்தில் இழுப்பு வரும், சுடுதண்ணீர் கொடுங்கள், கோபம் வந்தால் சாப்பிடாமல் படுப்பாள், எழுப்பிச் சாப்பிட வையுங்கள் என்று. ஒரு பிள்ளையைக் கொடுக்கும்போது சொல்ல வேண்டியவை.

பெண்ணின் தாய் விசாலாட்சி பதினொரு மணிக்கு வந்தாள். ஒடிசலான பெண். புதுச்சேலையைக் கசங்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். விஜேந்திரன் பக்கத்தில். நிமலன் வாசலருகே நின்றான்.

"எம்மக ஒரு தடவ பட்டுட்டா" என்றாள் விசாலாட்சி. "அதான் நேரா கேட்டுப்புடலாம்னு வந்தேன். தப்பா நெனைக்காதீங்க. மாப்புள குடிப்பாரா?"

"எப்பவாவது நல்லது கெட்டதுன்னு" என்றான் விஜேந்திரன். "யாரு குடிக்கல?"

விசாலாட்சி அவனைப் பார்க்கவில்லை. ஜெயலெட்சுமியைப் பார்த்தாள்.

ஜெயலெட்சுமி எழுந்து உள்ளே போனாள். பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். அதிலிருந்து கிளினிக் கொப்பியையும் மாத்திரை உறையையும் எடுத்து விசாலாட்சியின் மடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"குடி நிறுத்தி இன்னைக்கு எழுவத்தொரு நாளு. இது ராச்சோத்துக்குப் பொறகு ஒன்னு. வெறும் வயித்துல குடுக்கக் கூடாது. ஒங்க மக கையிலயே இருக்கணும், அவருகிட்ட மொத்தமா குடுத்துறக் கூடாது. முன்னால ஒக்காந்து முழுங்குறதப் பாக்கணும். வாயத் தொறக்கச் சொல்லணும். நாக்கத் தூக்கச் சொல்லணும். மொதல்ல வெக்கமா இருக்கும். பொறகு பழகிரும்."

"அத்த" என்றான் விஜேந்திரன்.

"வியாழக்கெழம மட்டும் பேச மாட்டாரு. பேசணும்னு இல்ல. பக்கத்துல ஆளு இருந்தா போதும். தனியா மட்டும் விட்றக் கூடாது."

விசாலாட்சி கொப்பியைத் தொடவில்லை. "இது என்ன மாத்தர?"

"மனசுக்கு."

அடுத்த வீட்டு ரேடியோவில் விளம்பரம் போனது. அப்போதுதான் ஜெயலெட்சுமி வாசலைப் பார்த்தாள். நிமலன் தன் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான். மடித்து, பிரித்து, மறுபடி மடித்தான். அவள் செய்தது என்னவென்று அவளுக்கு அப்போது விளங்கியது.

"நல்ல மனுசரும்மா அவரு" என்றாள். "கை ஓங்கினதில்ல. எம்மகள ஒரு நாளும்—"

"தெரியுதுங்க" என்றாள் விசாலாட்சி. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். பாதி இருந்தது. "மறைக்காமச் சொன்னீங்க. ஒங்களுக்குப் புண்ணியம். எம்மகளால இனி ஒன்னத் தாங்க முடியாது."

வாசலில் நிமலனைக் கடக்கும்போது அவள் ஒதுங்கிப் போனாள். வேண்டுமென்றில்லை. பயம்.

விஜேந்திரன் பின்தங்கினான். "மகதான் செத்துட்டாளே, இவனும் சாகட்டும்னு நெனச்சீங்களா?"

ஜெயலெட்சுமி கொப்பியை எடுத்து டின்னுக்குள் வைத்தாள்.

நிமலன் கோப்பைகளை எடுத்தான். மிச்சத் தேத்தண்ணியை வாழையடியில் ஊற்றினான். கழுவிக் கவிழ்த்தான்.

"நான் வேற நெனச்சுச் சொல்லல மாப்புள."

"தெரியும் மாமி."

"யாராவது ஒங்களப் பாக்கணுமேன்னுதான்."

"தெரியும் மாமி. விடுங்க."

அன்று மாலை சாப்பிட்டான். மாத்திரையை விழுங்கினான். கேட்காமலே வாயைத் திறந்து காட்டினான். அவளால் பார்க்க முடியவில்லை. பார்த்தாள்.

மறுநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. சாவி வழக்கமான இடத்தில் இருந்தது. தவறணை வாசலுக்குப் போனாள். அங்கே இல்லை. தெமோதரை ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கேயும் இல்லை. மூன்றாம் நாள் ஃபெக்டரி ஆட்கள் இரண்டு பேர் அவனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். கசிப்புக் காய்ச்சுகிற ஓடைப் பக்கம் கிடந்தானாம். நெற்றி உடைந்திருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மஞ்சள் வைத்துக் கட்டினாள். மாத்திரையை எடுத்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விஜேந்திரன் வானோடு வந்தான். "எங்க ரத்தம், நாங்க பாத்துக்குறோம்" என்றான். நிமலன் ஒரு பையோடு ஏறினான். கிளினிக் கொப்பியை அவள் வான் ஜன்னலால் நீட்டினாள். விஜேந்திரன் வாங்கவில்லை.

கிளினிக் நாளில் அவள் தனியாகப் போனாள். வரிசையில் இருந்தாள். "நிமலன்" என்று கூப்பிட்டதும் எழுந்தாள்.

"ஆள் எங்க?" என்று நளீரா கேட்டாள்.

நடந்ததைச் சொன்னாள். நளீரா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நான் தப்பு செஞ்சனா மிஸி?"

"மறைச்சிருந்தா அந்தப் புள்ளைக்குத் தப்பு."

"அப்ப அவருக்கு?"

நளீரா கொப்பியைத் திருப்பி எதையோ தேடினாள். "ரெண்டு கிழமைக்கு மட்டும் மாத்திரை டொக்டர்கிட்டக் கேட்டுத் தாறேன். அடுத்த முறை ஆள் வரணும். எப்படியாவது கூட்டிட்டு வாங்க."

ஜெயலெட்சுமி அங்கிருந்தே பஸ் ஏறினாள். பண்டாரவளையில் மாறினாள். பெரகல சந்தியில் இறங்கும்போது இரண்டு மணி. கடையில் விஜேந்திரனின் மனைவி சுதர்சினி நிறுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் கோவா மூட்டைகளின் மேல் நிமலன் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். கையால் தூணைப் பிடித்துக்கொண்டான். அவன் கிட்டே வருமுன்பே சாராய வாடை வந்தது.

"சாப்பிட்டீங்களா மாமி?"

"இல்ல. ஒங்களப் பாத்துட்டுப் போகலாம்னு."

ரோட்டோரம் வந்து நின்றார்கள். லொறிகள் கடந்து போயின. அவன் மெலிந்திருந்தான். நெற்றிக் காயம் ஆறி வெள்ளையாகியிருந்தது.

"மாத்தர கொண்டாந்திருக்கேன். ரெண்டு கெழமைக்கு."

"அண்ணிகிட்டக் குடுங்க."

"அவங்க பாப்பாங்களா?"

அவன் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, குடித்தவன் கவனமாகப் பேசும் குரலில் சொன்னான்.

"மாமி, நீங்க நல்லாத்தான் பாத்தீங்க. எங்கம்மாகூட அப்படிப் பாத்திருக்காது. ஆனா இனி வராதீங்க."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க எதிர்ல ஒக்காந்து பாக்கையில அவ பாக்குற மாதிரியே இருக்கும். அதே கண்ணு. எழுவத்தொரு நாளும் அவதான் கேட்டா. தொறங்கன்னு. அவளுக்குத்தான் காட்டினேன். முடியல மாமி."

"அன்னைக்கு அந்த அம்மாகிட்ட நான் சொன்னதுக்கா?"

"அதுக்கில்ல. நீங்க சொன்னது எல்லாம் உண்மதானே. அந்தப் பொண்ணு தப்பிச்சிச்சு."

அவள் கடைக்குள் போனாள். சுதர்சினியிடம் உறையைக் கொடுத்தாள். எப்போது, எப்படி என்று சொன்னாள். சுதர்சினி தராசைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். "சரிங்க, வச்சிட்டுப் போங்க" என்றாள். வெங்காயப் பெட்டிக்குப் பக்கத்தில் உறையை வைத்தாள். ஒரு ஆள் வந்து போஞ்சி கேட்டான். அவள் நிறுக்கத் தொடங்கினாள்.

நிமலன் இன்னும் ரோட்டோரத்தில்தான் நின்றான். பதுளை பஸ் கீழ் வளைவில் ஏறி வருவது தெரிந்தது.

"நான் வரல" என்றாள். "வர வேணான்னா வரல. எனக்குன்னு சொல்ல வேற யாருமில்ல, அது ஒங்களுக்கும் தெரியும். அதுக்காக நான் கேக்கல. நீங்க உசிரோட இருக்கணும். இங்கயோ எங்கயோ."

"பாப்பம் மாமி."

"பாப்பம்னு சொல்லாதீங்க."

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். ரோட்டைப் பார்த்தான்.

"சரி" என்றான்.

அதற்கு மேல் அவளால் எதையும் கேட்க முடியவில்லை. பஸ் நின்றது. கண்டக்டர் அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான்.